நுணா மரமும் என் முட்டி வீக்கமும்

ஞாயித்துக்கிழமை மேடை ஏறுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். வாழ்க்கையில மொத தடவை. கல்யாண மேடையைக் கணக்குல சேர்க்காதீங்க. அங்க பேச விடல.

தலைப்பு, நுணா மரம்.

சிரிக்காதீங்க. எங்க வீடு கடலூர் முதுநகர்ல ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்துல இருக்கு. வாடகை வீடு. பக்கத்துல ஒரு காலி மனை. அதுல இடிச்ச செங்கல்லு, உடைஞ்ச கமோடு, ஊர் நாயிங்க, நடுவுல ஒரு நுணா மரம். யாரும் நடல. யாரும் தண்ணி ஊத்தல. அது பாட்டுக்கு பச்சையா நிக்குது. காய் பார்க்க சின்ன கையெறி குண்டு மாதிரி முண்டும் முடிச்சுமா இருக்கும். பழுத்தா கருப்பாயிடும். எங்களுக்கு அது மரமே இல்ல. கொடி. ஈரத் துணியை அது மேலதான் வீசுவோம்.

ஒருநாள் மத்தியானம் சோறு தின்னுக்கிட்டே போனை நோண்டச்ச ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை மாட்டுச்சு. நுணா இலைச் சாறு குடுத்தா எலிக்கு வீக்கம் குறையுதாம். அதுல ஃப்ளேவனாய்டு இருக்காம், பீனால் இருக்காம், எல்லாம் ஆன்டி-ஆக்ஸிடென்டாம். நோனின்னு பாட்டில்ல அடைச்சு விக்கறாங்களே, அந்த மரமும் நம்ம நுணாவும் பெரியப்பா சித்தப்பா பசங்களாம். எனக்கு சோறு இறங்கல. இத்தனை நாளா இவ்ளோ பெரிய டாக்டர் மேலயா ஜட்டி காயப் போட்டோம்?

அன்னைக்குப் பிடிச்சது நுணா பைத்தியம். நான் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டர்ல கம்ப்ளைன்ட் எழுதற டெஸ்க்ல இருக்கேன். ஆயில் மாத்த வர்றவன்கிட்ட எல்லாம் சொன்னேன்.

"அண்ணே, ஃப்ரீ ராடிகல்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது தம்பி. செயின் சத்தம் வருது, அதை எழுதிக்க."

"உடம்புல ஒத்தை எலக்ட்ரானோட சில பேரு சுத்துவானுங்கண்ணே. கல்யாணம் ஆவாத பசங்க மாதிரி. நிம்மதியே இருக்காது. கண்ட வீட்ல பூந்து வம்பு பண்ணுவானுங்க. ஆன்டி-ஆக்ஸிடென்ட் போயி ஒரு எலக்ட்ரானைக் குடுத்து ஜோடி சேர்த்து வச்சிடும். அத்தோட ஆளு அடங்கிடுவான்."

"எப்படி அடங்குவான்?"

"என்னைப் பாருங்கண்ணே."

அவருக்குப் புரிஞ்சிடுச்சு. செயின் சத்தத்தைத்தான் நான் எழுதல.

இந்த ஆர்வத்தைப் பார்த்துத்தான் கடலூர் மர நண்பர்கள் குழுவுல என்னைச் சேர்த்துக்கிட்டாங்க. தலைவர் சிங்காரம் சார், ரிட்டயர்டு தாசில்தாரு. மாசாமாசம் மஞ்சக்குப்பத்துல ஒரு ஹால்ல கூட்டம். "இந்த மாசம் நீங்க பேசுங்க தம்பி, அரை மணி நேரம்"னாரு. நான் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழக ஆரம்பிச்சேன். கண்ணாடி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல.

எதிர்த்துப் பேசற ஆளு சமையக்கட்டுல இருந்தா. சத்யப்பிரியா. என் மனைவி. பார்மசி படிச்சவ. ஜங்ஷன் பக்கத்துல ஒரு மெடிக்கல்ல வேலை. டாக்டருங்க கிறுக்கறதையே படிச்சிடுவா. என் மூஞ்சியெல்லாம் அவளுக்கு அச்செழுத்து.

நுணா விஷயத்துல அவளுக்கு என் மேல ஏற்கெனவே ஒரு கேஸ் பெண்டிங். பழத்தை அவ மிக்ஸியில போட்டு அடிச்சிட்டேன். அதுக்கப்புறம் அரைச்ச தேங்கா சட்னியில ஏதோ ஒரு வாடை. அவ சட்னியை என் முன்னாடி வச்சிட்டுப் போயிட்டா. தின்னேன்.

அது இருக்கட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் விஷயத்துக்கு வரேன். இருங்க, ஒரு வண்டி வந்திருக்கு. பிரேக்கு.

எழுதி அனுப்பிட்டேன். வியாழக்கிழமை.

"மாமா, ஞாயித்துக்கிழமை சிதம்பரம் போவணும்."

"எந்த ஞாயிறு?"

"வர்ற ஞாயிறு. கொளஞ்சி வீடு மாத்தறான்."

கொளஞ்சி அவ தம்பி. எனக்கு மச்சான். சிதம்பரத்துல இருக்கான்.

"மாத்தட்டும். நல்லா இருக்கட்டும்."

"பீரோ இருக்கு."

"இருக்கட்டும்."

"மூணாவது மாடி. லிஃப்ட் கெடையாது."

"ஆளு வச்சிக்க வேண்டியதுதான? சிதம்பரத்துல ஆளா இல்ல?"

"வீட்டு மாப்பிள்ளை தூக்காம எங்க வீட்டு பீரோ வாசப்படி தாண்டாது. தெரியாத மாதிரி கேக்கறீங்க."

அவுங்க வீட்ல அப்படி ஒரு பழக்கம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. வீடு மாத்தினா மொதல்ல பீரோ உள்ள போவணும். மாப்பிள்ளைதான் முன்பக்கம் பிடிக்கணும். தெருவுல தூக்கினா வீட்டுக்குள்ளதான் வைக்கணும். நடுவுல தரையில வச்சா குடும்பம் அந்த வீட்ல நிலைக்காதாம். என் மாமனாரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை. சொல்லச்ச அவரு கை தானா இடுப்புக்குப் போச்சு.

"ஞாயித்துக்கிழமை எனக்குக் கூட்டம் சத்யா. நான் பேசறேன்."

"எத்தனை பேரு வருவாங்க?"

"நாப்பது பேரு வருவாங்க."

"கூட்டத்துக்கு நாப்பது பேரு இருக்காங்க. பீரோவுக்கு நீங்க ஒருத்தர்தான்."

"அடுத்த ஞாயிறு மாத்தக் கூடாதா?"

"நாள் பார்த்தாச்சு. பால் பாக்கெட்டுக்குக்கூட சொல்லியாச்சு."

"நான் காலையில பேசிட்டு மத்தியானம் வந்து..."

"பீரோவை மத்தியானம் வரைக்கும் தெருவுல தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கணுமா அவன்?"

இதுக்கு மேல வாதாடறதுல பிரயோஜனம் இல்ல. நேரா மோதினா நான் தோத்துடுவேன். அனுபவம். சுத்தி வளைச்சுத்தான் போவணும். வழி யோசிச்சேன். முட்டி.

முட்டி வீங்கினவனை யாரும் மாடி ஏறச் சொல்ல மாட்டாங்க. ஆனா உக்காந்து பேசச் சொல்லலாம். ஞாயித்துக்கிழமை காலையில சத்யா சிதம்பரம் பஸ் ஏறுவா. நான் ஷேர் ஆட்டோ ஏறுவேன். மேடையில நுணா. எவ்ளோ சுத்தமான திட்டம் பாருங்க.

ஒரே சிக்கல். எனக்கு வாழ்க்கையில முட்டி வீங்கினதே கெடையாது. எப்படி வீங்கும், எங்க வலிக்கும், ஒண்ணும் தெரியாது. அதுக்காக கவலைப்படல. வீக்கத்தைப் பத்தி இந்த முதுநகர்லயே என் அளவுக்குப் படிச்சவன் யாரு? கட்டுரையை மறுபடி எடுத்தேன். எலி பாதத்துல என்னவோ ஊசி போட்டு வீங்க வைக்கறாங்க. எப்ப ஆரம்பிக்குது, எப்ப ஏறுது, எப்ப உச்சம், எல்லாம் கிராஃபோட இருக்கு. மனப்பாடம் பண்ணிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சந்து முனையில வண்டியை நிறுத்தி முட்டிக்கு க்ரேப் பேண்டேஜ் கட்டினேன். உள்ள ஒரு கர்ச்சீப்பை மடிச்சு வச்சேன். உப்பலா வந்துச்சு. நொண்டிக்கிட்டே வீட்டுக்கு நடந்தேன். எதிர் வீட்டு அமராவதி அக்கா வாசல்ல மீன் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"இன்னா தம்பி, கால்ல?"

"முட்டி வீங்கிப் போச்சுக்கா."

"காலையில கேட்டு மூடறான்னு வண்டியைத் தள்ளிக்கிட்டு ஓடுனியே."

"அதுலதான்க்கா இருக்கும்."

"அந்தக் கால்ல செருப்பு தேயற மாதிரி இழுத்து நட தம்பி. இது சும்மா டான்ஸ் மாதிரி இருக்கு."

இழுத்து நடந்தேன். நல்ல மனசு அவுங்களுக்கு.

சத்யா கட்டில்ல உக்கார வச்சா. முட்டியைப் பார்த்தா. பேண்டேஜை அவுக்கல. எனக்கு தைரியம் வந்துடுச்சு.

"எப்ப ஆரம்பிச்சுது மாமா?"

"மத்தியானம். மொத ஒரு மணி நேரத்துல லேசா ஏறுச்சு. அது மொத கட்டம். அப்புறம் ரெண்டாவது கட்டம். மூணு மணி நேரத்துல உச்சம்."

"ரெண்டு கட்டமா வர்றதுக்கு இது என்ன எலெக்‌ஷனா?"

"இன்ஃப்ளமேஷன்னாலே அப்படித்தான் சத்யா."

"எங்கயாவது இடிச்சிக்கிட்டீங்களா?"

"இல்ல. தானா. பாதம் அப்படியே கனத்துப் போச்சு."

"பாதமா?"

"முட்டி! முட்டி முட்டி."

"ம்" அப்படின்னா.

அந்த 'ம்'மை நான் அப்பவே கவனிச்சிருக்கணும். மெடிக்கல்ல எவனாவது சீட்டு இல்லாம தூக்க மாத்திரை கேட்டா இவ இந்த 'ம்'தான் சொல்லுவா.

"பாவம் மாமா நீங்க. மாத்திரை எடுத்துட்டு வரட்டுமா?"

"எடுத்துட்டு வா."

"ஐயோ, உங்களுக்குப் போயி மாத்திரையா! நுணாவை வாசல்ல வச்சிக்கிட்டு! ஊருக்கெல்லாம் சொல்றீங்க, உங்களுக்குன்னு வரச்ச மாத்திரை முழுங்கினா நல்லாவா இருக்கும்?"

எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. மூணு வாரத்துல மொத தடவை அவ நுணான்னு மரியாதையா சொல்றா.

"சத்யா, நீயே பறிச்சு அரைச்சுத் தரியா?"

"எலிக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

"கிலோ எடைக்கு இத்தினி மில்லிகிராம்னு ஒரு கணக்கு."

"எலி என்ன, ஒரு கைப்பிடி இருக்குமா? நீங்க எண்பது கிலோ. அப்படியே பெருக்கினா சோத்துக் குண்டான் நெறைய வரும் மாமா. அண்டாவை எடுக்கட்டுமா?"

"அப்படியே பெருக்கக் கூடாது!"

"அப்படியா? ஊருக்குச் சொல்லச்ச பெருக்கித்தான சொல்றீங்க? சரி. ஒரு டம்ளர் போதும்."

டார்ச்சை எடுத்துக்கிட்டு பின்பக்கமா காலி மனைக்குப் போனா. திரும்பி வந்தா. மிக்ஸி சத்தம் கேட்டுச்சு. அவளே போட்டா! அவ மிக்ஸியில! கையில ஒரு டம்ளர் பச்சைக் கஷாயம், ஒரு கிண்ணத்துல பச்சை விழுது. விழுதை பேண்டேஜுக்கு மேலேயே அப்பினா. "உள்ள இறங்கும்ல மாமா?"ன்னா. "இறங்கும்"னேன். அவுக்காத வரைக்கும் எங்க வேணா இறங்கட்டும்.

கஷாயத்தைக் குடிச்சேன். கசப்புன்னா கசப்பு, காது மடல் வரைக்கும் கசந்துச்சு.

"எப்படி இருக்கு மாமா? நுணாதானே?"

"சந்தேகமே வேணாம். மத்த கசப்பு நாக்குலயே நின்னுடும். இது தொண்டைக்குப் போயி உக்காரும் பாரு. இதுதான் நுணாவோட கசப்பு. அந்த ஃப்ளேவனாய்டு இருக்கே, அது தனியாத் தெரியுது."

உண்மையைச் சொல்லணும்னா நுணா இலையை நான் அதுவரைக்கும் வாயில வச்சதில்ல. ஆனா படிச்சிருக்கேன்ல.

"இருங்க, இன்னொரு தடவை சொல்லுங்க. வீடியோ எடுக்கறேன். உங்க மர நண்பர்கள் குரூப்ல போடலாம்."

பொண்டாட்டியே வீடியோ எடுக்கறா. யாருக்குக் கெடைக்கும் இந்த வாழ்வு? டம்ளரைத் தூக்கிப் பிடிச்சு இன்னும் நல்லா சொன்னேன். கட்டுப் போட்ட கால் ஃப்ரேம்ல வர்ற மாதிரி நீட்டி வச்சேன். என் போன்லேர்ந்தே அவ குரூப்ல போட்டா: "என் வீட்டுக்காரருக்கு முட்டி வீக்கம். நுணா குடுத்தாச்சு. ரிசல்ட் காலையில."

அந்தக் கடைசி வரியை நான் படிக்கல. லைக் எத்தனைன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.

சனிக்கிழமை காலையில எழுந்தா போன் துடிக்குது. குரூப் முழுக்க ஒரே கேள்வி. வீக்கம் வடிஞ்சுதா? நெய்வேலியில இருந்து ஒருத்தர் கேக்கறாரு. பரங்கிப்பேட்டையில இருந்து ஒருத்தரு, அவரு வாப்பாவுக்கும் முட்டி வலியாம், ரிசல்ட்டுக்காக துபாயில இருந்து தம்பி காத்துக்கிட்டு இருக்கானாம். எனக்கு லேசா வேர்த்துச்சு. அப்பத்தான் சத்யா காபியோட வந்தா.

"எப்படி இருக்கு மாமா?"

யோசிச்சுப் பாருங்க. வலி இருக்குன்னா நுணா தோத்துடுச்சு. வலி இல்லன்னா பீரோ. நடுவுல ஒரு சந்து இருக்கான்னு தேடினேன்.

"பரவால்ல. வீக்கம் குறைஞ்சிருக்கு. ஆனா வெயிட் தூக்கற அளவுக்கு..."

"அப்ப பாதிதான் கேட்டுதா?"

"பாதின்னு சொல்ல முடியாது..."

"குரூப்ல பாதின்னு போட்டுடவா? 'நுணா, பாதி.'"

போன் அடிச்சுது. சிங்காரம் சார். சத்யா ஸ்பீக்கர்ல போட்டா.

"தம்பி! ஊரே காத்துக்கிட்டு இருக்கு. பொய் சொல்லாம சொல்லுங்க. வடிஞ்சுதா, வடியலியா? வடியலன்னா சொல்லிடுங்க, நாளைக்குத் தலைப்பை மாத்திடலாம். புங்க மரம்னு போட்டுக்கலாம். அதுக்கு ஆளு ரெடியா இருக்காரு."

புங்க மரமா! என் நுணா நிக்க வேண்டிய எடத்துல புங்கனா! எனக்கு ரத்தம் ஏறிடுச்சு. நான் எதையும் யோசிக்கல.

"வடிஞ்சிடுச்சு சார்! சுத்தமா! இருந்த எடம் தெரியல!"

"உக்காந்து எழுந்திரிக்க முடியுதா?"

"பத்து தடவை எழுந்திரிப்பேன் சார்!"

சத்யா போனைத் திருப்பி வீடியோ எடுத்தா. நான் பேண்டேஜை வீசிட்டு உக்காந்து எழுந்தேன். உக்காந்து எழுந்தேன். ஒத்தக் கால்ல நின்னேன். குரூப்ல கை தட்டற பொம்மை மழையா கொட்டுச்சு. துபாய்ல இருந்து ஒரு இதயம் வந்துச்சு. நுணா ஜெயிச்சிடுச்சு. நானும் ஜெயிச்சேன். மூச்சு வாங்கினேன். சத்யா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா.

"முட்டி நல்லா மடங்குது மாமா."

"நல்லா மடங்குது."

"மாடி ஏறலாம்."

காபி ஆறிப் போயிருந்துச்சு.

ஆனா ஸ்பீக்கர்ல சிங்காரம் சார் இன்னும் இருந்தாரு. நான் அவரைப் பிடிச்சுக்கிட்டேன்.

"சார், நாளைக்கு நான் பேசணும்ல? நீங்களே வீட்ல சொல்லுங்க சார்."

"அதைத்தான் தம்பி சொல்ல வந்தேன். குணமானவரே மேடை ஏறி 'எனக்குக் குணமாச்சு'ன்னு சொன்னா லேகியம் விக்கற மாதிரி இருக்கும். பக்கத்துல இருந்து பார்த்தவங்க சொல்லணும். அதுவும் மேடம் பார்மசிஸ்ட் வேற. மேடமே பேசட்டும்."

"சார், நான் மூணு வாரமா கண்ணாடி முன்னாடி பேசிப் பழகியிருக்கேன்!"

"கண்ணாடி கேட்டுதுல்ல? போதும் தம்பி. மேடம், நாளைக்கு வந்துடறீங்களா?"

"ஐயோ சார், தம்பி வீடு மாத்தறானே"ன்னு சத்யா இழுத்தா. நான் நம்பிக்கையோட அவளைப் பார்த்தேன். "பரவால்ல சார். பீரோவுக்குத்தான் இவரு போறாரே. நான் பேசிட்டு மத்தியானம் போயிக்கறேன்."

இந்த எடத்துல ஒரு ஸ்கூட்டிக்காரம்மா வந்து நிக்குறாங்க. செல்ஃப் எடுக்கலியாம். எனக்கும்தான் அன்னைக்கு எடுக்கல.

ஞாயித்துக்கிழமை விடியச்ச வண்டியை எடுத்தேன். புதுச்சத்திரம் தாண்டச்ச ரோட்டோரத்துல ஒரு நுணா மரம் நின்னுச்சு. நான் திரும்பிப் பார்க்கல. சிதம்பரத்துல கொளஞ்சி புது வீட்டு வாசல்ல பீரோவைக் கயிறு கட்டி ரெடியா வச்சிருந்தான். மினி லாரியிலயே. தரையில வைக்கக் கூடாதே. கூட அவன் ஃப்ரெண்டு சாமிக்கண்ணு. மாமனாரு ஒரு சேர்ல உக்காந்திருந்தாரு, நடுவரு மாதிரி.

"வாங்க மாமா. முட்டி இப்ப புதுசு மாதிரி ஆயிடுச்சாமே? அக்கா வீடியோ அனுப்புச்சு."

"பீரோவுல துணி எல்லாம் எடுத்தாச்சா மச்சான்?"

"எடுத்தாச்சு மாமா. பாத்திரம் மட்டும்தான் இருக்கு."

தூக்கினோம். நான் முன்பக்கம். அவனுங்க ரெண்டு பேரும் பின்பக்கம். மொத மாடி பரவால்ல. ரெண்டாவது மாடித் திருப்பத்துல பீரோ மாட்டிக்கிச்சு. மேலயும் போவல, கீழயும் போவல. நான் செவத்துக்கும் பீரோவுக்கும் நடுவுல. கன்னம் பீரோ கண்ணாடியில ஒட்டிக்கிச்சு.

"கீழ வச்சிட்டு ஒரு மூச்சு விட்டுக்கலாம் மச்சான்."

கீழேர்ந்து மாமனாரு குரல்: "மாப்பிள்ளை! தரையில படக் கூடாது!"

"இருங்க மாமா, சாமிக்கண்ணு பின்னாடி தாங்கிக்குவான். நான் பீரோ கைப்பிடியைக் கழட்ட ஸ்பானர் எடுக்கறேன்"னு கொளஞ்சி கையை விட்டான். விட்டவன் ஸ்பானர் எடுக்கல. போனை எடுத்தான். "மாமா! அக்கா பேசுது! லைவ்ல வருது!"

எக்கி என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். நான் எங்க திரும்புவேன்? ஒரு பக்கம் செவுரு. மறுபக்கம் கண்ணாடி. அதுல வேர்த்து ஊத்துற ஒருத்தன். நடுவுல போன்ல சத்யா. நல்ல புடவை. கையில மைக்கு. பின்னாடி பெருசா பேனரு: நுணா.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு என் வீட்டுக்காரருதான் பேசறதா இருந்துச்சு. அவருக்கு முட்டி சரியாயிட்டதால வர முடியல."

கூட்டம் சிரிச்சுது. சாமிக்கண்ணும் சிரிச்சான். பீரோ ஆடுச்சு.

"நுணாவைப் பத்தி ஆராய்ச்சி இருக்கறது உண்மைதாங்க. டெஸ்ட் ட்யூப்ல ஆன்டி-ஆக்ஸிடென்டா வேலை செய்யுது. எலிக்கு வீக்கம் குறைஞ்சிருக்கு. ஆனா எலிக்குக் கேட்டது மனுஷனுக்கும் கேட்கும்னு நாமளா சொல்லிடக் கூடாது. சோதிச்சுப் பார்க்கணும். கொஞ்ச பேருக்கு மருந்து குடுக்கணும். கொஞ்ச பேருக்கு மருந்து மாதிரியே இருக்கற வேற எதையாவது குடுக்கணும். யாருக்கு எதுன்னு குடிக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது. எங்க வீட்ல இருக்கறது ஒரே ஆளு. அதனால ரெண்டாவதை மட்டும் குடுத்தேன்."

எனக்கு இன்னும் புரியல. கொளஞ்சிக்குப் புரிஞ்சிடுச்சு. அவன் வாயைப் பொத்திக்கிட்டான்.

"அவரு குடிச்சது நுணா இல்லைங்க. அகத்திக்கீரை. வேலை முடிஞ்சு வரச்ச கீரைக்காரம்மாகிட்ட வாங்கினது, பையிலயே இருந்துச்சு. சாப்பிடற மருந்தை முறிச்சிடும்னு சொல்வாங்களே, அதே கீரைதான். அதைக் குடிச்சிட்டுத்தான் இவரு ஃப்ளேவனாய்டு தனியாத் தெரியுதுன்னாரு. நீங்களே வீடியோவுல பார்த்தீங்க."

ஹாலே குலுங்குச்சு. சிங்காரம் சார் கண்ணைத் துடைச்சிக்கிட்டாரு.

"அப்புறம் அந்த வீக்கம். ரெண்டு கட்டமா ஏறி மூணு மணி நேரத்துல உச்சத்துக்குப் போறது மனுஷ முட்டி இல்லைங்க. ஊசி போட்ட எலிப் பாதம். நானும் பார்மசி படிச்சவதான். ஆக, இல்லாத வீக்கம், குடுக்காத மருந்துல, ஒரே ராத்திரியில வடிஞ்சிடுச்சு. குரூப்ல இருக்கற எரநூறு பேரு நம்பிட்டோம். அதனால வாட்ஸ்அப்ல யாராவது 'எனக்குக் குணமாயிடுச்சு'ன்னு வீடியோ போட்டா, மொதல்ல அவுங்க வீட்டுக்காரம்மாவை விசாரிங்க. நுணாவை மட்டும் விட்டுடாதீங்க. பாவம், அது ஒரு பொய்யும் சொல்லல. ஒழுங்கா சோதிச்சுப் பார்த்தா அதுக்கும் ஒரு மரியாதை கெடைக்கும்."

கைதட்டல் நிக்கவே இல்ல. சாமிக்கண்ணும் தட்டப் போனான். கத்தி நிறுத்தினேன்.

ஒண்ணு ஒத்துக்கணும். நான் கண்ணாடிகிட்ட பேசினதை விட அது நல்ல பேச்சு. நுணாவுக்கு இதுதான் நியாயமும்கூட. ஆனா அதை ரசிக்கறதுக்கு அது சரியான மாடி இல்ல.

"மாமா, அழுவுறீங்களா?"

"வேர்வை மச்சான்."

அப்பத்தான் கொளஞ்சி கையில போன் அடிச்சுது. சத்யா. ஸ்பீக்கர்ல போட்டான்.

"மாமா, பீரோ ஏறிடுச்சா?"

"ஏறிக்கிட்டு இருக்கு."

"கோவமா?"

"செவத்துக்கு நடுவுல கோவப்பட எடம் இல்ல சத்யா."

"கேளுங்க, நல்ல விஷயம் சொல்றேன். என்னை குழுவுல செயலாளரா போட்டுட்டாங்க. அடுத்த மாசம் பெரிய கூட்டமாம், டவுன் ஹால் பக்கத்துல திறந்த வெளியில. உங்களையும் விடக் கூடாதுன்னு நான் பேசி ஒரு பொறுப்பு வாங்கியிருக்கேன்."

எனக்கு ஒரு நிமிஷம் பீரோ கனமே தெரியல. என்ன இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதான்.

"மேடையா சத்யா?"

"மேடைதான் மாமா. லாரியில இருந்து இறக்கிப் போடணுமாம்."